காயில் உயிரோடுதான் இருக்கிறது: கீசர் பழுதுபார்க்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கீசர் பழுதுபார்க்க வீடு வீடாக ஏறி இறங்கும் நண்பர்களுக்கு,

மார்கழி பிறந்துவிட்டால் உங்கள் கைப்பேசி ஓயாது என்பது தெரியும். "லைட் எரியுது, தண்ணி மட்டும் வெதுவெதுன்னுதான் வருது" என்று வீட்டுக்கு வீடு ஒரே புகார்தான். நீங்கள் வருகிறீர்கள், குழாயைத் திறந்து கை வைத்துப் பார்க்கிறீர்கள், "காயில் வீக் ஆயிருச்சு சார், மாத்திரலாம்" என்கிறீர்கள். கொஞ்சம் பழைய கீசரென்றால் "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிரலாம்" என்றும் சொல்வதுண்டு. வீட்டார் தலையாட்டுகிறார்கள். காயில் மாறுகிறது, பணம் கைமாறுகிறது, நீங்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். இரண்டு நாள் கழித்து அதே குழாயில் அதே வெதுவெதுப்பு. அந்த இரண்டாம் நாளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. உங்களில் எல்லோரும் இப்படி என்று சொல்லவரவில்லை. மூடியின் திருகாணியைத் தொடும் முன்பே வீட்டாரிடம் நாலு கேள்வி கேட்டு, பாதிக் கோளாறை அங்கேயே பிடித்துவிடுகிறவர்களும் உங்களுக்குள் உண்டு. அவர்கள் செய்வதை மற்றவர்களும் ஏன் செய்யக்கூடாது என்பதுதான் என் வழக்கு.

உங்களுக்குத் தெரியாத எதையும் சொல்லப்போவதில்லை. தெரிந்ததையே முதலிலிருந்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள் என்கிறேன். காயில் என்பது என்ன? ஓர் உலோகக் குழாய், அதற்குள் இறுக்கி அடைத்த மின்கடத்தாப் பொடி, அந்தப் பொடியின் நடுவே ஓடும் ஒரு கம்பி. 2000 வாட் காயிலென்றால் அதன் தடை ஏறக்குறைய 26 ஓம்; 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அந்தக் கம்பி ஒன்று முழுசாக இருக்கும், இல்லையென்றால் அறுந்திருக்கும். அறுந்துவிட்டால் நாள் முழுக்கப் போட்டு வைத்தாலும் பச்சைத் தண்ணீர்தான் வரும். வெளிக்குழாய் வெடித்துத் தண்ணீர் உள்ளே புகுந்தால் மின்கசிவு உண்டாகி டிரிப் ஆகும். பாதி செத்துப் பாதிச் சூடு கொடுப்பது என்பது அதன் பிறவியிலேயே கிடையாது. ஒரு பேச்சுக்கு அதன் வலு குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தெர்மோஸ்டாட் வெட்டுகிற வரை அது சூடேற்றிக்கொண்டுதானே இருக்கும்? நேரம் கூடுமே தவிர, கடைசியில் தொட்டியில் நிற்கும் சூடு குறையாது. ஆகவே, தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது என்று வீட்டார் சொன்ன அந்த நிமிடமே, காயில் உயிரோடு இருக்கிறது என்று அவர்களே சாட்சி சொல்லிவிடுகிறார்கள். இரண்டு காயில் பொருத்திய பெரிய மாடல்களில் ஒன்று அறுந்து மற்றொன்று ஓடுவது மட்டும் விதிவிலக்கு. அதையும் கிளாம்ப் மீட்டர் ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிடும்.

சூடு உண்டாகிறது, குழாய்க்கு வந்து சேரவில்லை. அப்படியென்றால் அது எங்கே போகிறது? முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் பல வீடுகளில் கோளாறே இல்லாமல் கணக்கு மட்டும் உதைக்கிறது. மார்கழிக் காலையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் 22 டிகிரி என்று கொள்ளுங்கள். 15 லிட்டர் கீசர், 2000 வாட் காயில். 60 டிகிரிக்கு ஏற இருபது நிமிடம் வேண்டும். சித்திரையில் அதே தொட்டித் தண்ணீர் 32 டிகிரியில் இறங்கும்போது பதினைந்து நிமிடம் போதும். ஊட்டியில் 10 டிகிரித் தண்ணீருக்கு இருபத்தாறு நிமிடம் ஆகும். கோடையில் பழகிய கால் மணி நேரத்தை மார்கழிக்கும் வைத்துக்கொண்டு குளிக்கப் போகிறவருக்கு வெதுவெதுப்புதான் கிடைக்கும். இதோடு மின்னழுத்தம் சேர்ந்துகொள்கிறது. 230 வோல்ட் 190 ஆக இறங்கினால் காயிலின் சக்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும் என்றுதான் தோன்றும்; உண்மையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஏனென்றால் சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இருபது நிமிட வேலை இருபத்தொன்பது நிமிடமாக நீளும். அழுத்தம் இறங்குவதற்குத் தெருக்கோடி டிரான்ஸ்பார்மர்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 16 ஆம்பியர் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்: பின் ஒன்று கறுத்து, சாக்கெட்டின் வாய் இளகி வளைந்திருந்தால், தண்ணீருக்குப் போகவேண்டிய சூட்டில் ஒரு பங்கு சுவரிலேயே எரிந்துகொண்டிருக்கிறது. அங்கே புதுக் காயில் மாட்டி என்ன பயன்?

அடுத்தது அளவு. 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை 22 டிகிரித் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக் குளியல் நீராக்கினால் கணக்குப்படி 31 லிட்டர் கிடைக்கும். நடைமுறையில் அதிலும் கொஞ்சம் குறையும். வாளியில் மொண்டு குளித்த காலத்தில் அது ஒன்றரை வாளி, தாராளம். அந்தக் குளியலறையை இடித்துக் கட்டித் தலைக்கு மேலே தட்டுப்போல அகன்ற ஷவர் மாட்டி, அதற்கு அழுத்தம் போதவில்லை என்று பிரஷர் பம்பும் வைத்தாயிற்று. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டும் ஷவரில் அந்த 31 லிட்டர் மூன்று நிமிடத்துக்கு வரும். நாலாவது நிமிடத்தில் சோப்பு நுரையோடு நிற்பவர் உங்களுக்குப் போன் செய்கிறார். ஒருவர் குளித்து வந்த ஐந்தாவது நிமிடத்தில் அடுத்தவர் நுழைந்தால், அந்த இடைவெளியில் தொட்டி பத்து டிகிரிகூட ஏறியிருக்காது. இன்ஸ்டன்ட் என்று விற்கும் 3 லிட்டர் கீசரின் கதை இன்னும் தெளிவு. 3000 வாட் காயில் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடும் தண்ணீரை 14 டிகிரிதான் ஏற்றும். ஆறு லிட்டர் ஓடவிட்டால் ஏழே டிகிரி. 22 டிகிரி உள்ளே போனால் 29 டிகிரி வெளியே வரும். இது பழுது இல்லை, பெருக்கல் வாய்ப்பாடு. "குழாயைப் பாதி திறந்து வாளியில் பிடிச்சுக் குளிங்க, ஷவருக்கு இது ஆகாது" என்ற ஒரு வாக்கியம் அங்கே புதுக் காயிலைவிட விலை உயர்ந்தது.

மூன்றாவது, தெர்மோஸ்டாட்டும் உப்பும். "உப்பு படிஞ்சு காயில் சூடு ஏறல" என்று நீங்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு, ஆனால் மறுபாதியில்தான் விஷயமே இருக்கிறது. படிவு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் காயில் இழுக்கும் மின்சாரம் குறைவதில்லை. அத்தனையும் சூடாகித் தண்ணீருக்குள்தான் போயாக வேண்டும். என்ன நடக்கிறதென்றால், உப்புப் போர்வைக்குள் காயில் தன் அளவுக்கு மீறிக் கொதிக்கிறது, ஒருநாள் அறுகிறது. அதற்கு முன்பே இன்னொன்று நடக்கிறது. தெர்மோஸ்டாட் செருகியிருக்கும் மெல்லிய குழல் காயிலை ஒட்டியே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் உப்பு பாலம் கட்டிவிட்டால், தெர்மோஸ்டாட் தண்ணீரின் சூட்டை அறிவதில்லை. கொதிக்கும் காயிலின் சூட்டையே தண்ணீரின் சூடென்று நம்பி வெட்டிவிடுகிறது. விளக்கு ஆறே நிமிடத்தில் அணைகிறது, தொட்டியில் தண்ணீர் வெதுவெதுவென்று நிற்கிறது. இந்த வீட்டில்தான் காயிலை மாற்றினால் சில மாதங்களுக்குத் தண்ணீர் சுடுகிறது, உங்கள் சொல்லும் பலித்ததுபோல் ஆகிவிடுகிறது. பலன் தந்தது புதுக் காயில் அல்ல, பழைய காயிலோடு கழன்று வந்த உப்பு. தொட்டியின் அடியில் உதிர்ந்து கிடக்கும் மிச்சத்தை அலசி எடுக்காமல் மூடினால், அது புதுக் காயிலையும் ஒரு வருடத்தில் தின்னத் தொடங்கும். தெர்மோஸ்டாட்டின் திருகை யாரோ 45 டிகிரியில் திருப்பி வைத்துவிட்டு மறந்துபோனதும் உண்டு. அந்த வீட்டில் 31 லிட்டர் கிடைக்கவேண்டிய இடத்தில் 19 லிட்டர்தான் கிடைக்கும். பரிகாரம் ஒரு ஸ்குரூடிரைவர் திருப்பல்.

நான்காவது, வழியில் நடக்கும் கலப்படம். எனக்கு உங்கள் மேல் உள்ள வருத்தங்களில் பெரியது இதில்தான், ஏனென்றால் கீசரைத் திறக்காமலே கண்டுபிடிக்கக்கூடியது இது. ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் குழாய்க்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்துவிட்டால், பச்சைத் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே வெந்நீர்க் குழாய்க்குத் தாவும். கை ஷவரின் முனையை மட்டும் அடைத்துவிட்டு, பின்னாலிருக்கும் இரண்டு குழாய்களையும் திறந்தே வைத்திருக்கும் வீடுகளிலும் இதே கதை. பிரஷர் பம்பு பச்சைத் தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் அழுத்தினால் தாவல் இன்னும் அதிகம். வாஷ்பேசினில் வெந்நீரைத் திறந்தவருக்குக் குளியலறை மிக்ஸர் வழியாகப் பச்சைத் தண்ணீர் வந்து கலக்கும். கீசர் மேலே சுவரில் 60 டிகிரியைச் சுமந்துகொண்டு சும்மா நிற்கும். சோதனை எளிது. சுவிட்சை அணைத்துவிட்டு, கீசருக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக்கை இறுக மூடுங்கள். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். ஒரு கணம் ஒழுகிவிட்டு நின்றால் நல்லது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், கீசர் வழியாக வராத அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். இதோடு சேர்த்து, கீசரில் தண்ணீர் உள்ளே போகும் நீல வளையத்தையும் வெளியே வரும் சிவப்பு வளையத்தையும் ஒருமுறை பாருங்கள். குளியலறையைப் புதுப்பித்தபோது பிளம்பர் இரண்டையும் மாற்றி இணைத்திருந்தால், மேலே திரளும் வெந்நீரை எடுக்கவேண்டிய நெடுங்குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் தலையில் வந்து விழும். அடியில் கிடக்கும் ஆறிய நீரே வெளியேறும். அந்த நெடுங்குழாய் பாதியில் அரித்து ஓட்டை விழுந்திருந்தாலும் விளைவு இதேதான். இவற்றில் எதையும் காயில் தீர்க்காது.

இத்தனை காரணங்களையும் பிரித்தறிய எவ்வளவு கருவி வேண்டும்? ஒரு தெர்மாமீட்டர், ஒரு கிளாம்ப் மீட்டர், கையில் கட்டிய கடிகாரம். கீசரைப் போட்டு மணி பாருங்கள், ஆம்பியர் பாருங்கள். 2000 வாட் கீசர் ஒன்பதுக்குப் பக்கத்தில் இழுத்தால் காயில் சுத்தம். விளக்கு எத்தனை நிமிடத்தில் அணைகிறது என்று பாருங்கள். சீக்கிரமே அணைந்தால் தெர்மோஸ்டாட்டையோ உப்பையோ சந்தேகப்படுங்கள். அரை மணி ஆகியும் அணையாவிட்டால் மின்னழுத்தத்தை. அணைந்த பிறகு பக்கத்துக் குழாயில், பச்சைத் தண்ணீர்ப் பக்கத்தை மூடிவிட்டு, தெர்மாமீட்டரைப் பிடியுங்கள். 60 காட்டினால் கீசருக்கு நோயே இல்லை. ஆங்கிள் காக் சோதனைக்கும் ஷவர் கணக்குக்கும் போய்விடலாம். "இத்தனை வருசமாக் கையில பாத்துத்தான சொல்றோம், தெர்மாமீட்டர் எதுக்கு" என்று கேட்பீர்கள். ஒரு கையை ஐஸ் தண்ணீரிலும் மறுகையைச் சுடுநீரிலும் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே வாளியில் விட்டுப் பாருங்கள். ஒரு கை சுடுகிறது என்னும், மறுகை குளிர்கிறது என்னும். தண்ணீர் ஒன்றுதான். வெயிலில் வண்டி ஓட்டிவந்த உங்கள் கையும், ஏசி அறையிலிருந்து எழுந்துவந்த வீட்டாரின் கையும் ஒரே தீர்ப்புச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது எப்படி? எண்ணாகச் சொன்னால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. "உங்க கீசர் 61 டிகிரி குடுக்குது, மிக்ஸர்லதான் கோளாறு" என்று நீங்கள் சொல்லும்போது எதிரில் நிற்பவர் வேறு மரியாதையோடு கேட்பார்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்க சார் இருக்கு?" என்பதுதான் உங்கள் முதல் மறுப்பாக இருக்கும். நியாயமான கேள்வி. சீசன் நாளில் ஒரு வீட்டில் அரை மணி நேரம் நின்றால், மாலைக்குள் இரண்டு அழைப்பு தவறிவிடும். ஆனால் காயில் மாற்றத் தொட்டியைக் காலி செய்யவேண்டும், ஃபிளாஞ்சின் துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டும், கேஸ்கெட் கசிகிறதா என்று காத்திருக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தில் சோதனையை இரண்டு முறை செய்துவிடலாம். தண்ணீர் சூடாகும் இருபது நிமிடமும் கைகட்டி நிற்கவேண்டும் என்பதில்லை. அந்த நேரத்தில் பிளக், வயர், எர்த், மிக்ஸர் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். காரணம் தவறினால் இரண்டு நாளில் அதே வீட்டுக்கு மறுபடி வரவேண்டும், இந்த முறை காசில்லாமல், வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க. அந்த இரண்டாவது பயணத்துக்கான பெட்ரோலையும் உங்கள் நேரக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. "பார்த்துச் சொல்றதுக்கு யார் காசு குடுக்குறாங்க? ஏதாவது மாத்தினாத்தான் குடுக்குறாங்க." இதில் குற்றம் உங்களுடையது மட்டுமில்லை. டாக்டர் நாடி பிடித்து "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்றால் மறுபேச்சில்லாமல் ஃபீஸ் கொடுக்கிற அதே மனிதர், நீங்கள் வந்து ஒரு திருகைத் திருப்பித் தண்ணீரைச் சுடவைத்தால், "இதுக்கா இவ்வளவு?" என்பார். கையில் பழைய உதிரிப்பாகம் ஒன்றைக் கொடுத்தால்தான் அவருக்கு வேலை நடந்ததாகத் தோன்றுகிறது. அறிவுக்குக் கூலி இல்லை, பொருளுக்குத்தான் கூலி என்று ஒரு ஊர் வைத்துக்கொண்டால், அந்த ஊரில் தேவையில்லாத பொருள்கள்தான் விற்பனையாகும். இந்தப் பழக்கத்தை வளர்த்தவர்கள் வீட்டாராகிய நாங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை மாற்றும் திறவுகோல் உங்கள் கையில்தான் இருக்கிறது. போனில் பேசும்போதே சொல்லுங்கள்: வந்து சோதித்து, காரணத்தை எண்ணோடு சொல்ல இவ்வளவு, மாற்றவேண்டி வந்தால் அது தனி. சொல்லிவிட்டு வாங்குகிற காசுக்கு முகம் சுளிக்கிறவர்கள் குறைவு. சொல்லாமல் காயிலின் விலைக்குள் ஒளித்து வாங்கும்போதுதான், நியாயமாகச் சேரவேண்டிய கூலியும் ஏமாற்று வேலைபோல் ஆகிவிடுகிறது.

"பழைய கீசர்தானே, புதுசு வாங்குவதில் என்ன தப்பு?" என்பது மூன்றாவது. தொட்டியே அரித்துக் கசிந்தால் தப்பில்லை; அதற்கு ஒட்டுப்போடக் கூடாது என்று சொல்கிற முதல் ஆள் நானாக இருப்பேன். ஆனால் வெதுவெதுப்புக்கு மருந்தாகப் புதுக் கீசரை எழுதிக்கொடுக்கும்போது, மிக்ஸர் பழையதுதான், போர்த் தண்ணீர் அதே உப்போடுதான் வரும், ஷவரும் அதேதான் என்பதை மறந்துவிடுகிறீர்கள். ஐந்து நட்சத்திரம் போட்ட கீசர் வேகமாகச் சூடேற்றும் என்று வீட்டாரிடம் சொல்வதையும் நிறுத்துங்கள். அந்த நட்சத்திரங்கள் சேமித்த சூட்டைத் தொட்டி எவ்வளவு நேரம் இழக்காமல் காக்கிறது என்பதற்குத் தரப்பட்டவை. 2000 வாட் எத்தனை நட்சத்திரத்திலும் 2000 வாட்தான். உப்பின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. 300 மில்லிகிராம் உள்ள போர்த் தண்ணீர் நாளுக்கு 100 லிட்டர் கீசர் வழியாகப் போகிறது என்று வையுங்கள். தினமும் 30 கிராம் கடந்துபோகிறது. அதில் நூறில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலும் வருடத்துக்கு நூறு கிராமுக்கு மேல். இட்லிக் குண்டானின் தண்ணீரில் ஒரு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சை மூடியோ போடும் வீட்டுப் பெண்களுக்கு, புளிப்பு பாத்திரத்தில் கறை பிடிக்க விடாது என்பதை யாரும் படித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கீசருக்கும் அந்த வைத்தியம்தான்: வருடம் ஒருமுறை சிட்ரிக் அமிலத்தில் காயிலை ஊறவைத்து, தொட்டியை அலசி, தொட்டிக்காகத் தன்னை அரிக்கக் கொடுக்கும் மக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் மாற்றுவது. புதுக் கீசர் விற்பதைவிட இந்த வருடாந்திர வேலை உங்களுக்குத்தான் நிலையான வருமானம்.

இதுவரை சொன்னதெல்லாம் பண நஷ்டம். இனிச் சொல்லப்போவது உயிர் நஷ்டம். வெதுவெதுப்புக்குக் காரணம் தேடாமல் குறுக்குவழியில் போகிறவர்கள், "தெர்மோஸ்டாட்தான் தொல்லை, டைரக்ட் குடுத்துட்டேன்" என்று தெர்மோஸ்டாட்டையும், சூடு மீறினால் மின்சாரத்தை வெட்டும் கட்அவுட்டையும் தாண்டி ஒயரை நேராக இணைத்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் சுடத்தான் செய்கிறது. வீட்டாருக்கு மகிழ்ச்சி. அந்தக் கணத்திலிருந்து அந்தக் கீசருக்கு நிறுத்துவதற்கு ஆளில்லை. 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய ஒரு டம்ளர் அளவு பெருக்கிறது. அந்த ஒரு டம்ளருக்காகத்தான் சேஃப்டி வால்வு சொட்டுகிறது. "எப்பப் பாத்தாலும் ஒழுகுது" என்று வீட்டார் சொன்னதைக் கேட்டு அந்த வால்வின் வாயையும் அடைத்துவிட்டால், சுவரில் தொங்குவது கீசர் இல்லை, விசில் அடைபட்ட குக்கர். மூடிய தொட்டிக்குள் 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் ஒரு பகுதி, தொட்டி கிழியும் நொடியில் தன் பருமனைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் நீராவியாக விரியும். அதன் நேர் கீழே ஒரு குழந்தை தலையில் ஷாம்பூவோடு கண்ணை மூடி நின்றுகொண்டிருக்கலாம். எர்த் ஒயர் இல்லாத பிளக்கில் கீசரைச் செருகிவிட்டு வருவதும் இதே கணக்கில்தான் சேரும். கட்அவுட் விழுந்துகொண்டே இருந்தால் அது தொல்லை கொடுக்கவில்லை, ஏதோ தப்பு நடக்கிறது என்று கத்துகிறது. கத்துகிற வாயைக் கட்டுவது எந்தத் தொழிலிலும் பழுதுபார்ப்பு ஆகாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வெதுவெதுப்பு என்ற புகாரோடு ஒரு வீட்டுக்குள் நுழையும்போது, காயிலைக் கடைசிச் சந்தேகமாக வையுங்கள். முதலில் கேளுங்கள்: எத்தனை பேர் குளிக்கிறார்கள், வாளியா ஷவரா, எப்போதிலிருந்து இப்படி, சமீபத்தில் குழாய் வேலை ஏதாவது நடந்ததா? அப்புறம் அளந்து பாருங்கள்: ஆம்பியர், நிமிடம், டிகிரி. அதற்குப் பிறகும் காயில்தான் என்று தெரிந்தால் தாராளமாக மாற்றுங்கள், பழையதை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். சோதனைக்கு உரிய கூலியை முன்கூட்டியே சொல்லி, தலைநிமிர்ந்து வாங்குங்கள். தெர்மோஸ்டாட்டையும் கட்அவுட்டையும் சேஃப்டி வால்வையும், யார் கெஞ்சினாலும் எவ்வளவு அவசரமானாலும், வழியிலிருந்து விலக்காதீர்கள். உங்களிடம் வேலை கற்றுக்கொள்ள ஒரு பையன் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறானே, அவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கும் முன் தெர்மாமீட்டரைக் கொடுங்கள். நீங்கள் எதை முதலில் எடுக்கிறீர்களோ அதைத்தான் அவனும் வாழ்நாள் முழுக்க முதலில் எடுப்பான்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கிளம்பும் முன் கீசரின் அடிமூடியை மூடுவதற்குள், அதன் உட்புறத்தில் மார்க்கரால் ஒரு வரி எழுதிவிடுங்கள்: தேதி, ஆம்பியர், விளக்கு அணைய ஆன நிமிடம், குழாயில் வந்த டிகிரி. அடுத்த மார்கழியில் அந்த மூடியைக் கழற்றப்போவது நீங்களாகவும் இருக்கலாம், முகம் தெரியாத இன்னொருவராகவும் இருக்கலாம். போன வருடம் இருபது நிமிடத்தில் 60 தொட்டது, இந்த வருடம் பதினோரு நிமிடத்தில் 43-லேயே நின்றுவிடுகிறது என்று அந்த வரி சொன்னால், அவருக்கு ஊகிக்க எதுவும் மிச்சமிருக்காது. நேரே உப்பை அலசப் போய்விடுவார். காயில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இப்படிக்கு,
வெந்நீருக்காகக் காத்திருக்கும் வீட்டார் சார்பில் ஒருவர்